வாயில் இருப்பதைக் கொடு: ஆக்டோபஸிலிருந்து ஒன்றரை மீட்டர் ஹோஸுக்கு மாறிய கதை

நீச்சல் குளம். மூன்று மீட்டர் ஆழம். முதுகில் சிலிண்டரோடு ஸ்கூபா டைவிங் பயிற்சி. யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலை. அங்கே என் மச்சானுக்குக் காற்று கொடுக்க எனக்கு 11 விநாடி ஆனது. குளத்தின் தரையில் வைத்திருந்த கேமராவின் பதிவை வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்த கணக்கு இது.

அவன் கழுத்துக்குக் குறுக்கே கையை ஆட்டி "காற்று இல்லை" என்றான். நான் நெஞ்சின் வலப்பக்கம் மாட்டியிருந்த மஞ்சள் ஆக்டோபஸை, அதாவது வாயில் வைத்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டரில் அடுத்தவருக்கென்று வைத்திருக்கும் உபரியை, இழுத்தேன். வரவில்லை. அதைப் பிடித்திருந்த ரப்பர் வளையம் புதுசு, இறுக்கம். கீழே குனிந்து பார்த்து, இரண்டு கையாலும் பிடுங்கி, நீட்டினேன். நீட்டியது தலைகீழ். வெளிமூச்சு போகும் எக்ஸாஸ்ட் மேலே இருந்ததால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லை. பாதித் தண்ணீரும் பாதிக் காற்றுமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மச்சான் தன் சொந்த ரெகுலேட்டரையே வாயில் போட்டுக்கொண்டான். நிஜமாகவே காற்று தீர்ந்திருந்தால் அந்த வசதி அவனுக்கு இருந்திருக்காது.

மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியதும் அவன் சொன்னது: "மாமா, உங்க வாயில இருக்கறதப் புடுங்கியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்."

வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. பயந்துபோன ஒருவர் கடலடியில் மஞ்சள் நிறத்தைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். எதிரே குமிழி விட்டுக்கொண்டிருக்கும் வாயைத்தான் பார்ப்பார். அந்த வாயில் இருக்கும் ரெகுலேட்டர் வேலை செய்கிறது என்பது இரண்டு பேருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே விஷயம். என் ஆக்டோபஸோ அதற்கு முந்தைய மூன்று டைவில் ஒருமுறைகூட வாய்க்குப் போகவில்லை. அதில் மணல் இருந்ததா, உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு ஒட்டிக்கொண்டிருந்ததா, எனக்கே தெரியாது.

ஆக, கொடுக்க வேண்டியது வாயில் இருப்பது. எனக்கான மாற்று என் தாடைக்குக் கீழே தொங்க வேண்டும். இதை முடிவு செய்தவுடனேயே ஹோஸ் நீளம் பிரச்சினையாகிவிட்டது. என் வாய்க்கு வந்த ஹோஸ் 75 சென்டிமீட்டர். வலது தோளுக்கு மேலாக வந்து வாயில் முடிந்துவிடும். அதைக் கழற்றி ஒருவருக்குக் கொடுத்தால், இருவரும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டுதான் மேலே வர வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஹோஸ் பெரும்பாலும் செகண்ட் ஸ்டேஜின், அதாவது ரெகுலேட்டரில் வாயில் வைக்கும் பகுதியின், வலப்பக்கத்தில் சேர்கிறது. என் வலப்பக்கத்திலிருந்து கிளம்பும் ஹோஸ் எதிரே இருப்பவரின் வலப்பக்கத்துக்குப் போக வேண்டும். எதிரெதிரே நிற்கும்போது அது என் இடப்பக்கம். குட்டையான ஹோஸ் அந்த வளைவை ஏற்காமல் முறுக்கிக்கொண்டு, கொடுப்பதைத் தலைகீழாகத் திருப்பிவிடும். குளத்தில் எனக்கு நடந்ததில் பாதி என் தடுமாற்றம், பாதி இந்த முறுக்கு.

முதலில் ஆசைப்பட்டு வாங்கியது 210 சென்டிமீட்டர், அதாவது ஏழடி ஹோஸ். படித்ததெல்லாம் அதைப் பற்றியே இருந்ததால் வந்த ஆசை. ஏழடி ஹோஸ் ஃப்ளோரிடாவின் நன்னீர்க் குகைகளில் வளர்ந்த பழக்கம். ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும் என்கிற இடுக்கில் காற்றைப் பகிர்ந்தபடி வெளியே வர வேண்டுமானால், முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் நடுவே ஓர் ஆள் நீளம் வேண்டும். அதற்கு முன்னால் இருந்த முறை, ஒரே ரெகுலேட்டரை ஆளுக்கு இரண்டு மூச்சு என்று மாற்றி மாற்றி உறிஞ்சுவது. அதைக் குகைக்குள் செய்வதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. வில்லியம் ஹோகார்த் மெயின் என்ற குகை டைவர் தேவையில்லாத எதையும் உடம்பில் தொங்கவிடாமல் அடுக்கிக்கொண்ட முறையைத்தான் அவர் பெயராலேயே ஹோகார்த்தியன் என்கிறார்கள். நீள ஹோஸ் வாயில், குட்டை ஹோஸ் கழுத்தில் என்பது அதன் ஓர் அங்கம்.

ஆனால் அந்த அடுக்கில் ஏழடி ஹோஸ் வலது இடுப்பில் இருக்கும் விளக்கு பேட்டரிக் குப்பிக்குக் கீழே நுழைந்து, நெஞ்சைக் குறுக்கே கடந்து, இடது தோளேறி, கழுத்தின் பின்னால் சுற்றி, வலப்பக்கமாக வாய்க்கு வரும். என்னிடம் அந்தக் குப்பி கிடையாது. நான் போடுவது பாக்கெட் வைத்த சாதாரண ஜாக்கெட் பிசிடி, அதாவது காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் சட்டை. மிஞ்சிய நீளத்தை இடுப்புப் பட்டையில் செருகினால், காலில் மாட்டும் ஃபின்னை அடித்த பத்தாவது நிமிடத்தில் உருவிக்கொண்டு முழங்காலுக்குக் கீழே ஊஞ்சலாடியது. நாங்கள் இறங்குவது புதுச்சேரிக்கு வெளியே, 18 மீட்டரில் இருக்கும் செயற்கைத் திட்டு. கம்பியும் கான்கிரீட்டும், அவற்றில் சிக்கி நிற்கும் தூண்டில் நைலானும் அறுந்த வலையும் நிறைந்த இடம். அங்கே ஊஞ்சலாடும் ஹோஸோடு போவது, கருவேலங்காட்டுக்குள் புடவை முந்தானையை விரித்துக்கொண்டு நடப்பது மாதிரி. இரண்டே டைவில் ஏழடியைச் சுருட்டிப் பீரோவுக்குள் வைத்தேன். காசு போனது போனதுதான்.

அடுத்து யோசித்தது ஒரு மீட்டர் ஹோஸ். அது கைக்கு அடியில் வந்து, நேராக மேலே ஏறி வாய்க்குப் போகும். கழுத்தைச் சுற்றாது. ஆனால் வாயருகே ஹோஸ் கீழ்நோக்கி இழுக்கும் என்பதால் ஒரு வளைவு மூட்டு மாட்ட வேண்டும். பலருக்கு இது பிடித்த அமைப்பு, குறையும் சொல்ல முடியாது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. சுழலும் மூட்டு என்றால் காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் இன்னும் இரண்டு, இன்னும் ஒரு திருகு, எல்லாம் என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வாய்க்குப் பக்கத்தில். வேண்டாம் என்று 150 சென்டிமீட்டருக்கு வந்தேன். இது வலது அக்குளுக்கு அடியில் வந்து, நெஞ்சைக் கடந்து, கழுத்தைச் சுற்றி வாய்க்கு வருகிறது. இடுப்பில் எதையும் செருக வேண்டாம். என் உயரம் 172 சென்டிமீட்டர். மார்பில் ஒரு கைப்பிடித் தளர்வுதான் மிஞ்சுகிறது. மச்சான் என்னைவிடக் குள்ளம், அதே ஹோஸ் அவனுக்குத் தொப்புள் வரை தொங்கியது. நீளத்தை ஆளைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கழுத்துக்கு 56 சென்டிமீட்டர் ஹோஸ். இரண்டும் சாதாரண ரப்பர். நைலான் பின்னல் போட்ட ஹோஸ் மெல்லிசு, கழுத்தில் உறுத்தாது. ஆனால் வெப்பமான ஊர்களில் சில பின்னல் ஹோஸ்களின் உட்குழாய் சிதைந்து, படிகம் மாதிரித் துகளாகி, காற்று வழியையே அடைத்த சம்பவங்கள் உண்டு. வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசாகவே இருக்கும். ரப்பர் கெட்டுப்போனால் வெடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது. மே மாத வெயிலில் காரின் டிக்கியில் கிடக்கும் ஹோஸுக்கு அந்த நேர்மை போதும்.

மாற்றும் வேலையை நான் தனியாகச் செய்யவில்லை. ரெகுலேட்டர் சர்வீஸ் படித்த ஓர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கை மட்டும் என்னுடையது. உயிரைத் தாங்கும் கருவி, முதல்முறை யாராவது பழகியவர் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

சிலிண்டரில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இரண்டு வகைத் துளைகள். ஹை பிரஷர் துளை பெரிது, 7/16 அங்குலம். லோ பிரஷர் துளை சிறிது, 3/8 அங்குலம். அளவு வேறு என்பதால் சிலிண்டர் அழுத்தம் காட்டும் மீட்டரின் ஹோஸை மாட்டும் இடத்தில் மூச்சு ஹோஸை மாட்டவே முடியாது. 200 பார் அழுத்தம் தவறிப்போய் வாய்ப்பக்கம் வராமல் தடுக்கிற எளிய ஏற்பாடு. லோ பிரஷர் பக்கம் வெறும் 9, 10 பார்தான். மூச்சிழுக்க அதுவே தாராளம் என்பதால், ஹோஸ் இரண்டு மடங்கு நீளமானாலும் வித்தியாசம் தெரிவதில்லை.

என் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் வலப்பக்கம் இரண்டு லோ பிரஷர் துளைகள். கீழ்நோக்கிச் சாய்ந்ததில் நீள ஹோஸ், மேல் துளையில் கழுத்து ஹோஸ். முதலில் மாற்றிப் போட்டேன். நீள ஹோஸ் மேலே கிளம்பி, அரைவட்டம் அடித்து, கீழே இறங்கியது. பின்னாலிருந்து பார்த்தால் குடத்துக்குக் கைப்பிடி வைத்த மாதிரி. வலையில் மாட்டுவதற்கென்றே செய்த வளையம். கழற்றி மறுபடி மாட்டினேன். இடப்பக்கம் பிசிடி ஹோஸும் மீட்டரும் இருந்தபடியே இருந்துவிட்டன.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் முனைக்கு 9/16 ஸ்பேனர். ஓ-ரிங் 011. கையில் எடுத்து ஒரு சுற்று உருட்டி, வெட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, சிலிக்கான் கிரீஸ் பளபளப்புத் தெரியும் அளவுக்கு மட்டும். கொழகொழவென்று அப்பினால் அதில் மணல்தான் ஒட்டும். பழைய ஹோஸைக் கழற்றியபோது துளைக்குள் பச்சைப் பூச்சு கொஞ்சம் இருந்தது. உப்பு உள்ளே போன தடம். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். டைவ் முடிந்ததும் மூடியைச் சரியாகப் போடாமல் கழுவிய பாவம் யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

நான் ஸ்பேனரை எடுத்து அழுத்தப் போனபோது கையைப் பிடித்துவிட்டார். "கையால இறுக்கு. அது நின்னதும் ஸ்பேனர வெச்சு லேசா ஒரு தட்டு. கால் சுத்துகூட வேணாம் தம்பி. அடைக்கறது ஓ-ரிங், நீ இல்ல."

செகண்ட் ஸ்டேஜ் முனையில் சொதப்பினேன். அங்கே இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஹோஸின் நட்டைத் திருப்பும்போது செகண்ட் ஸ்டேஜின் கழுத்தை இன்னொன்றால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சோம்பேறித்தனமாக ஒரே ஸ்பேனரை வைத்து, உடம்பைக் கையால் பிடித்துத் திருகினேன். ஹோஸ் கழன்றது. புதுசை மாட்டி சிலிண்டரைத் திறந்தால் "ஸ்ஸ்ஸ்" என்று விடாத சீறல். உள்ளிருக்கும் வால்வுக் குழல் கேஸுக்குள் துளி திரும்பி, லீவர் சாய்ந்து, வால்வு முழுதாக மூடாமல் நின்றிருக்கிறது. அண்ணன் மூடியைத் திறந்து நேராக்கி, லீவர் உயரத்தைப் பார்த்துக் கொடுக்க அரைமணி. ஓர் ஸ்பேனரை எடுக்க எனக்கு ஆகியிருக்கக்கூடியது மூன்று விநாடி. இந்த முனையில் ஓ-ரிங் 010, முந்தையதைவிடச் சின்னது. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டு வைக்காதீர்கள்.

பிறகு சோதனை. முதலில் சிலிண்டர் இல்லாமல்: ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடியை மூடிவிட்டு, ஒவ்வொரு செகண்ட் ஸ்டேஜையும் வாயில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். காற்று வரக்கூடாது, உறிஞ்சல் அப்படியே நிற்க வேண்டும். என் கழுத்து ரெகுலேட்டரில் மிக மெல்லியதாகக் காற்று வந்தது. எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தில் ஒரு மணல் துகள். ஆக்டோபஸாக இருந்த காலத்திலிருந்து அங்கேயே குடியிருந்திருக்கும் போல. அதற்குப் பிறகு சிலிண்டரில் மாட்டி, அழுத்தம் ஏற்றி, எல்லாவற்றையும் தண்ணீர் நிரம்பிய டிரம்மில் முக்கிப் பத்து நிமிடம். இணைப்புகளில் குமிழி இல்லை.

கழுத்து வளையம் 5 மில்லிமீட்டர் எலாஸ்டிக் கயிறு. கடையில் விற்கும் சிலிக்கான் வளையமும் உண்டு. கயிறு என்றால் நீளத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். கை படாமல், தலையைக் குனிந்து வாயாலேயே கவ்வ முடிய வேண்டும், அதுதான் அளவு. கயிற்றின் இரண்டு முனையையும் மவுத்பீஸ் உட்காரும் கழுத்தில் சுருக்குப் போட்டு, மேலே ஜிப் டை. கட்டிவிட்டு நிமிர்ந்தேன். அண்ணன் செகண்ட் ஸ்டேஜைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். மவுத்பீஸ் என் கழுத்திலும் ரெகுலேட்டர் அவர் கையிலுமாகத் தனித்தனியே நின்றன. ஜிப் டை மவுத்பீஸைப் பிடித்திருந்ததே தவிர, அதை ரெகுலேட்டரோடு சேர்த்துப் பிடிக்கவில்லை. இது தண்ணீருக்குள் நடந்தால், என் ஒரே மாற்று மூச்சு வெறும் ரப்பர் துண்டு. பள்ளத்தில் சரியாக உட்காரவைத்து, இரண்டு ஜிப் டை போட்டு, நானே நாலு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன்.

இன்னொரு மாற்றம் என் சொந்த யோசனை, ஒப்பாதவர்களும் இருப்பார்கள். மஞ்சள் மூடியைக் கழற்றி நீள ஹோஸில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜுக்குப் போட்டேன், கறுப்பைக் கழுத்துக்கு. மஞ்சளைத் தேடு என்றுதான் எங்களுக்கெல்லாம் வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதே பாடம் படித்த அறிமுகமில்லாத ஒருவர் என்னிடம் வந்தால், அவர் தேடும் நிறமும் நான் கொடுக்கப்போகும் பொருளும் ஒன்றாக இருக்கட்டும்.

மறுபடி குளம். மச்சான் கையாட்டினான். நான் வலது கையால் வாயில் இருந்ததை எடுத்து முன்னே நீட்டினேன். என் மாஸ்க் பறந்தது.

இடப்பக்கம் மாட்டியிருந்த ஸ்நார்க்கலில் ஹோஸ் மாட்டி, ஸ்நார்க்கல் மாஸ்க் பட்டையை இழுத்து, எல்லாம் ஒன்றாகப் போய்விட்டன. கண்ணில் குளோரின் தண்ணீர், வாயில் ஒன்றுமில்லை. அப்போதுதான் தாடையைக் கீழே இறக்கினேன், கழுத்து ரெகுலேட்டர் உதட்டில் பட்டது. கவ்வி, ஊதி, மூச்சு விட்டேன். பார்க்காமலே கிடைத்தது. இந்த மொத்த மாற்றத்தில் என்னைச் சம்மதிக்க வைத்தது அந்த ஒரு கணம்தான். மச்சானோ எனக்கு முன்னால் சௌகரியமாக மூச்சு விட்டுக்கொண்டு, என் மாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஸ்நார்க்கல் அன்றோடு பைக்குள் போனது. தலையைக் குனிந்துகொண்டே நீட்ட வேண்டும் என்பதையும் அன்றுதான் உடம்பு கற்றது. குனிந்தால் கழுத்தைச் சுற்றிய ஹோஸ் தலைக்கு மேலாக வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. இருபது தடவை செய்தோம். கடைசிப் பதிவில் மச்சான் கையாட்டியதிலிருந்து அவனுடைய முதல் மூச்சு வரை 4 விநாடி.

கடலுக்குப் போகும் முன் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டோம். ஹோஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் மறுமுனையில் இரண்டு பேருக்குப் போதுமான காற்று இருக்க வேண்டுமே. பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பதாக வைத்தால், இருவருக்கும் 60. 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார், நிலைமையைச் சமாளிக்க அங்கே ஒரு நிமிடம் என்றால் 168 லிட்டர். மேலே வர 2 நிமிடம், நடுவாந்தர ஆழத்தில் 1.9 பார், 228 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம், 1.5 பார், 270 லிட்டர். மொத்தம் 666. எங்களுக்குக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். வகுத்தால் 60 பார். "50 பாரில் மேலே வந்துவிடுங்கள்" என்று படகில் சொல்வது படகில் ஏறும்போது மீதி இருக்க வேண்டியது. அடியை விட்டுக் கிளம்புவதற்கான எண்ணாக அதை எடுத்துக்கொண்டால் இரண்டு பேருக்குப் போதாது. நாங்கள் 18 மீட்டரில் 70 பாரைத் தொட்டால் கிளம்பிவிடுகிறோம்.

கடலில் இதுவரை ஒன்பது டைவ். பார்க்கும் தூரம் நாலைந்து மீட்டர் இருந்த ஒருநாள், காற்றைப் பகிர்ந்தபடியே பத்து நிமிடம் பக்கவாட்டில் நீந்திப் பார்த்தோம். ஒன்றரை மீட்டரில் தோளோடு தோள் போகலாம், ஃபின் இடிக்கவில்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்து மேலே வரும்போது மட்டும் ஹோஸ் கயிற்றுக்கு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கயிற்றுக்கு ஆளுக்கொரு பக்கமாக ஏறிவிட்டு, பாதியில் முகத்தைப் பார்த்து முழித்தோம்.

போன வாரம் மச்சான் வரவில்லை. படகில் எனக்கு ஜோடியாகக் கிடைத்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒருவர், பத்துப் பதினைந்து டைவ் செய்தவர். அவருடைய ஆக்டோபஸ் வழக்கப்படி மஞ்சளாக மார்பில். என் கழுத்தைச் சுற்றியிருந்த ஹோஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்க ஆக்டோபஸ் எங்க சார்?"

"இதுதான்," என்று வாயில் இருந்ததை எடுத்துக் காட்டினேன்.

"அப்ப எனக்குக் காத்து தீந்தா, நீங்க சுவாசிக்கிறதையே புடுங்கணுமா?"

"நான் கொடுத்துருவேன். கொடுக்கறதுக்குள்ள நீங்க புடுங்கினாலும் தப்பில்ல."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தாடையை இறக்கிக் கழுத்தில் இருந்ததைக் கவ்விக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "ஒருதரம் நெஜமாவே செஞ்சு பாத்துடலாமா, இங்கயே?" என்றார். படகு ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சிலிண்டரோடு எதிரெதிரே உட்கார்ந்து, முழங்காலை முட்டுக் கொடுத்துக்கொண்டு, மூன்று தடவை செய்தோம். மூன்றாவது தடவை அவர் கையாட்டவே இல்லை, நேராக என் வாய்க்கே வந்துவிட்டார்.